அப்பாவுடன் அதிரப்பள்ளி

முதல் நாள்: பொள்ளாச்சி – சாலக்குடி

காலை ஆறரை மணிக்குப் பொள்ளாச்சியில் பாலக்காடு பஸ் ஏறினோம். அப்பாவுக்கு ஜன்னலோர இருக்கை. மடியில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அவருக்கு 73 வயது. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஆழியாறு குரங்கு அருவிக்கும் திருமூர்த்தி மலைக்கும் அழைத்துப் போனது மாமாதான். அப்பா ஒரு தடவைகூட வந்ததில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் வரும் நாளாக இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் வராத நாளாக இருக்கும். இரண்டிலும் அவருக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது.

எங்கள் தோட்டம் உடுமலைப் பக்கம், பி.ஏ.பி. ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் என்று அரசு ஆவணங்களில் நீட்டி எழுதுவதை ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.ஏ.பி.தான். ஆனைமலையின் மேற்கே கேரளக் கடலை நோக்கிப் போகும் ஆறுகளைக் காமராஜர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் சுரங்கங்களில் ஓடி, மலைச்சரிவை ஒட்டிக் காண்டூர் கால்வாயில் 49 கிலோமீட்டர் வந்து, திருமூர்த்தி அணையில் சேர்ந்து, அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால், மற்ற மூன்றும் முடிந்துதான் மறுபடி அதன் முறை வரும். இப்போது எங்கள் மண்டலத்தின் முறை. ஏழு நாள் திறப்பு, ஏழு நாள் அடைப்பு. எங்கள் மடைக்கு நாளை மறுநாள் இரவுதான் தண்ணீர். இடையில் கிடைத்த இந்த மூன்று நாளில்தான் அப்பா ஊரைவிட்டுக் கிளம்பச் சம்மதித்தார்.

போக வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். போன மாதம் பாசன சபைக் கூட்டத்தில் யாரோ எழுந்து, "நம் தண்ணீரெல்லாம் வீணாகக் கடலுக்குப் போகிறது" என்று பேசியிருக்கிறார். ஐம்பது வருடமாகக் கேட்கிற பேச்சுதான். அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அம்மிணி, அந்த ஆற்றை நீ பார்த்திருக்கிறாயா?" என்றார். அதிரப்பள்ளி அருவியைச் சினிமாவில் பார்த்திருக்கிறேன், அது அந்தச் சாலக்குடி ஆற்றில்தான் இருக்கிறது என்றேன். சிறிது நேரம் கழித்து, "நானும் பார்க்கவில்லை" என்றார். மறுநாளே சாலக்குடியிலிருந்து கிளம்பும் ஒரு நாள் சுற்றுலா வண்டியில் இரண்டு இடம் பதிவு செய்தேன். வழிகாட்டி, மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அருவியோடு நின்றுவிடாமல் வாழச்சால் காட்டுக்குள் நுழைந்து மளுக்கப்பாறை வரை ஏறித் திரும்பும் வண்டி என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவுக்கு அருவியைக் காட்டுவதைவிட அதன் மேல்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

மாநில எல்லை தாண்டியதும் அப்பா வயல்களைப் பார்த்தபடி, "இதுவும் நம் ஆழியாற்றுத் தண்ணீர்தான்" என்றார். மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு நாம் விட வேண்டும் என்பது இரு மாநிலங்களும் செய்துகொண்ட 1970 ஒப்பந்தம். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவர், ஒப்பந்தத்தின் எண்களை எல்லாம் தசமப் புள்ளியோடு சொல்வார். பாலக்காட்டில் பனை மரங்களும், திருச்சூர் வழியில் குதிரான் சுரங்கப்பாதையும் கடந்துபோயின. சுரங்கத்துக்குள் பஸ் நுழைந்தபோது, "காண்டூர்ச் சுரங்கமும் இப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

சாலக்குடி சேரும்போது மதியம் இரண்டு மணி. அறை எடுத்த விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால், சுவரில், என் தலைக்கும் மேலே ஒரு கோடு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் அங்கே வரை ஏறியதாம். நான் கேட்பதற்கு முன்பே விடுதிக்காரர் அந்தக் கோட்டைக் காட்டினார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார், உடுமலை என்றேன். "ஓ, மேலே அணை இருக்கிற ஊர்" என்றார். அப்படிச் சொல்லும்போது குரலில் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருடம் மேலே எங்கள் அணைகள் திறந்ததைப் பற்றிக் கீழே இருந்தவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை அப்போதுதான் முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன். அதே ஆறு, எங்களுக்கு எப்போதும் போதாத ஆறு, இந்த ஊரின் மாடிப்படி வரை ஏறியிருக்கிறது.

மாலையில் ரயில் நிலையப் பக்கம் நடந்தோம். இந்த ஊரிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குக் கொச்சி சமஸ்தானம் டிராம் பாதை போட்டிருந்தது. 1907இல் ஓடத் தொடங்கி 1963இல் நின்றது. தேக்கும் ஈட்டி மரமும் அதில்தான் இறங்கின. தண்ணீரைக் கிழக்கே திருப்பத் தொடங்கிய அதே காலத்தில் மரத்தை மேற்கே இறக்கிய பாதை மூடப்பட்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, "அந்தக் காட்டை யாரும் சும்மா விடவில்லை" என்றார்.

இரண்டாம் நாள்: தும்பூர்முழி, அதிரப்பள்ளி, வாழச்சால், மளுக்கப்பாறை

எட்டு மணிக்கு வண்டி. எங்களோடு இருபது பேர். இரிஞ்ஞாலக்குடியிலிருந்து வந்த வயதான தம்பதி, செவிலியர் படிப்புப் படிக்கும் மாணவிகள் ஐந்து பேர், இரண்டு குடும்பங்கள், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணனும் தம்பியும். வழிகாட்டி இளைஞர் அதிரப்பள்ளிக்காரர். திருப்பூரில் மூன்று வருடம் பனியன் கம்பெனியில் வேலை செய்ததால் நல்ல தமிழ் பேசுகிறார். அப்பாவை "ஐயா" என்றும் என்னை "சேச்சி" என்றும் அழைத்தார்.

முதல் நிறுத்தம் தும்பூர்முழி. தொங்குபாலமும் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் இருக்கும் இடம். எல்லோரும் பாலத்துக்குப் போனார்கள். அப்பா மட்டும் நேராக அணைக்கட்டுக்குப் போய் ஷட்டர்களின் முன் நின்றுகொண்டார். ஆற்றின் குறுக்கே தடுத்து, இடப்புறமும் வலப்புறமும் இரண்டு கால்வாய்களைப் பிரித்துவிடும் இடம் அது. கால்வாயில் தண்ணீர் பாதிக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இங்கே என்ன முறை? கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா?" என்றார்.

வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. சுற்றுலா வருபவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். "சேருவதில்லை ஐயா. என் அம்மா வீட்டு ஜாதிக்காய்த் தோட்டம் கடைமடையில்தான் இருக்கிறது. மேலே பவர்ஹவுஸ் ஓடினால்தான் இங்கே தண்ணீர். அவர்கள் குறைத்தால் இங்கேயும் குறையும்."

அப்பா அந்த ஷட்டரின் இரும்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். நாங்கள் பிறந்ததிலிருந்து கேரளா என்றால் தண்ணீர் மிதமிஞ்சிக் கிடக்கும் இடம், நமக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் என்றுதான் ஊரில் கேட்டு வளர்ந்தோம். இங்கேயும் கடைமடை இருக்கிறது, கடைமடைக்காரனின் அதே வார்த்தைகள் இருக்கின்றன. வண்டியின் ஹார்ன் அடிக்கும் வரை இருவரும் ஷட்டர் பக்கத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதிரப்பள்ளி சேரும்போது ஒன்பதே முக்கால். சீட்டு வாங்கும் இடத்திலிருந்து மூங்கில் நிழலில் கல் பாவிய பாதை இறங்குகிறது. முதலில் அருவி தெரிவதில்லை. ஆறு அகலமாக, பாறைகளின் நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, சந்தடியே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது. குழந்தைகள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார்கள். சற்று முன்னே பார்த்தால் தண்ணீர் இல்லை. வானம்தான் இருக்கிறது. அந்த விளிம்பில் கயிறு கட்டி, வனக் காவலர்கள் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பெண்கள். வனப் பாதுகாப்புச் சமிதியின் ஊழியர்கள் அவர்கள். பாட்டில் ஒன்றை ஒருவர் பாறை இடுக்கில் செருகியதும், ஒரு பெண் எழுந்து போய் அதை எடுத்து, எறிந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். திட்டவும் இல்லை. அந்த மனிதர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. வண்டிக்காரர்கள் அருவிக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கி, பார்த்து, ஏறி வருவது நடக்காத காரியம். வண்டி ஏறும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், மேலே ஆற்றங்கரையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கீழே இறங்குங்கள். எங்களுக்கு அது தெரியவில்லை. மேலே இருபது நிமிடம் கழிந்துவிட்டது. அப்பாவின் வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. ஒரு கையால் என் தோளையும் மறு கையால் மரக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். பாதி வழியில், "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இங்கே உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். நான் போகவில்லை. இரிஞ்ஞாலக்குடித் தம்பதியும் எங்களுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தன் ஊன்றுகோலை அப்பாவிடம் நீட்டினார். அவர் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார்.

கடைசித் திருப்பத்தில் முதலில் காற்று மாறியது. அதுவரை பிப்ரவரி மாதத்து வெக்கை. திடீரென்று முகத்தில் ஈரம். பிறகுதான் சத்தம். பிறகுதான் அருவி.

அதன் உயரம் 80 அடி என்று எல்லாப் பலகைகளிலும் எழுதியிருக்கிறார்கள். நல்ல முற்றிய நெட்டைத் தென்னை ஒன்றின் உயரம். எண்ணாகக் கேட்டால் பெரிதில்லை. ஆனால் ஓர் ஆறு முழுதாக, அதன் அகலம் முழுதும், அந்த உயரத்திலிருந்து கால் தவறுவதைப் பார்ப்பது வேறு. மழைக்காலத்தில் ஒரே வெள்ளைச் சுவராக விழுமாம். இன்று மூன்று தாரைகள். இடது ஓரத்துத் தாரை கனமாக, பாறையில் மோதாமல் நேராகக் குளத்தில் விழுந்தது. நடுத்தாரை பாதியில் ஒரு திட்டில் பட்டுச் சிதறி, விசிறியாக விரிந்தது. வலது ஓரத்தில் மெலிந்த ஒன்று, காற்று அடித்த பக்கமெல்லாம் சாய்ந்தது. மூன்றுக்கும் நடுவில் கறுத்த பாறை நனைந்து மின்னியது. தண்ணீர் விழும் இடத்திலிருந்து கிளம்பிய சாரல் அப்பாவின் கண்ணாடியை மூடிவிட்டது. அவர் அதைத் துடைக்கவில்லை, கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் படிப்புக்கும் என் திருமணத்துக்கும் பணம் வந்தது அந்தத் தோட்டத்து மக்காச்சோளத்திலும் தென்னையிலும்தான். அவை குடித்தது இந்த ஆற்றின் தலைப்பகுதியில் பிரித்த தண்ணீரை. அங்கே பிரிக்காமல் விட்டிருந்தால் இந்தத் தாரைகளில் ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் கனமாக விழுந்திருக்கும். அந்தக் கணக்கை எந்தப் பொறியாளரும் இப்படிப் போடமாட்டார் என்பது தெரியும். அங்கே நின்றபோது நான் அப்படித்தான் போட்டேன்.

வழிகாட்டி கீழே வந்து எங்களைச் சேர்த்துக்கொண்டு பேசினார். இந்த அருவிக்கு மேலே பெரிங்கல்குத்து அணையும் மின்நிலையமும் இருக்கின்றன. 1957இலிருந்து ஓடுகிறது. கோடையில் அருவியில் விழும் தண்ணீர் பெரும்பாலும் அந்த மின்நிலையம் பயன்படுத்திவிட்டு வெளியே விடுகிற தண்ணீர்தான். ஊர் முழுக்க விளக்கு எரியும் நேரத்தில் இயந்திரங்கள் அதிகம் ஓடும், சில மணி நேரம் கழித்து இங்கே தண்ணீர் ஏறும். பிறகு இறங்கும். "ஆற்றில் குளிப்பவர்கள் அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்று முடித்தார்.

துபாய்த் தம்பி, இங்கேயே ஓர் அணை கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோமே என்றார். வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. அதிரப்பள்ளித் திட்டம் 163 மெகாவாட். பல பத்தாண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இந்த அருவிக்கு மேலே, வாழச்சாலுக்கும் மேலே அணை கட்டி, தண்ணீரைச் சுரங்கத்தில் கொண்டுபோய் அருவிக்குக் கீழே விடுவது அதன் வரைபடம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய மத்திய அரசு அமைத்த காட்கில் குழு 2011இல் கொடுத்த அறிக்கையில் இந்தத் திட்டம் கூடாது என்று சொன்னது. சாலக்குடியில் ஆற்றைக் காக்கத் தொடங்கிய அமைப்பும், காட்டுக்குள் வாழும் காடர் பழங்குடியினரும் வருடக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். "அருவிக்கென்று கொஞ்சம் தண்ணீர் அளந்து விடுவோம் என்றார்கள் ஐயா. அருவிக்கு அளந்து விடுவதா?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. படி ஏறும்போது பாதியில் நின்று, "மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும் என்று நாமும்தானே கேட்கிறோம்" என்றார். இன்னும் நான்கு படி ஏறி, "ஆனாலும் இதை மூடக்கூடாது" என்றார்.

அடுத்தது சார்ப்பா அருவி, சாலையோரத்திலேயே. மழைக்காலத்தில் சாரல் வண்டிக் கண்ணாடியில் அடிக்குமாம். இன்று வறண்ட பாறை. நிறுத்தாமல் போனோம்.

வாழச்சாலில் ஆறு செங்குத்தாக விழவில்லை. நீண்ட சரிவில் பாறைகளின் மேல் புரண்டு இறங்குகிறது. அதிரப்பள்ளியைவிட எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது என்று சொன்னால் வழிகாட்டிக்கு வருத்தமாக இருக்கும். ஆற்றோர மரங்கள் அவ்வளவு பழையவை. மறுகரையில் அடர்ந்த காடு, தண்ணீரைத் தொட்டபடி நிற்கிறது. இந்த ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கு இந்த ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் இருவாச்சியைப் பார்த்தோம். முதலில் சிறகின் ஓசை. தூரத்தில் நீராவி இயந்திரம் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்து, தலைக்கு மேல் நெருங்கியது. பெரிய இருவாச்சி. மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்தது போன்ற கொம்பு. மலையாளத்தில் அதை மலைமுழக்கி என்கிறார்கள். மலையை முழங்க வைப்பது என்று பொருள். அதைவிடச் சரியான பெயர் இருக்க முடியாது. கேரளத்தின் மாநிலப் பறவை. இந்தியாவில் இருக்கும் இருவாச்சிகளில் நான்கு வகை இந்த ஒரே காட்டில் இருக்கின்றன. இது கூடு கட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டு, முட்டையோடு உள்ளே இருக்கும். குஞ்சு வளரும் வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் கூட்டில் உள்ள எல்லாம் போயிற்று. முன்பு அந்தக் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்தவர்களில் காடர்களும் உண்டு. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் சுமார் இருபது வருடங்களுக்கு முன் வனத்துறை அவர்களையே கூடுகளுக்குக் காவலாக்கியது. இன்றும் அவர்கள்தான் காக்கிறார்கள்.

காடர்களைப் பற்றி வழிகாட்டி சொன்னதை அப்பா இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பெரிங்கல்குத்து, சோலையார், பரம்பிக்குளம் என்று ஒவ்வோர் அணை வரும்போதும் அவர்கள் இடம் மாற வேண்டியிருந்திருக்கிறது. எங்கள் ஆயக்கட்டுக்காக எழுந்த அணையும் அதில் உண்டு. 2014இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் காட்டின் மீதான சமூக உரிமை கிடைத்தது. சோதனைச் சாவடியில் எங்கள் வண்டியின் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக் குறித்துக்கொண்ட பெண் காடர் இனத்தவர். அப்பாவிடம் அவர் பேசியது முழுக்கத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இரண்டையும் அறிந்த ஏதோ ஒரு பழைய மொழி. அப்பாவுக்குப் புரிந்தது.

சாவடியைத் தாண்டியதும் காடுதான். மளுக்கப்பாறை வரை சுமார் 50 கிலோமீட்டர், நடுவில் கடைகள் மிகக் குறைவு. வெடிப்பலா மரங்களில் சோலைமந்திக் கூட்டம் ஒன்று. கறுத்த உடலும் முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரியும் பார்த்து மாணவிகள் கத்த, வழிகாட்டி வாயில் விரல் வைத்தார். மதியச் சாப்பாடு வழியில் ஒரு சிறு உணவகத்தில். மட்டை அரிசிச் சோறு, மோர்க்குழம்பு, மீன் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, சம்மந்தி என்கிற காந்தாரி மிளகாய்த் துவையல். அப்பா கிழங்கையும் சம்மந்தியையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்மாவின் புளிச்சோற்றை மாணவிகள் தீர்த்துவிட்டார்கள்.

பிறகு சோலையார். கேரளச் சோலையார் நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் சாலை போகிறது. நீர் நன்றாக நிறைந்திருந்தது. வண்டியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா எழுந்து வழிகாட்டியிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். என் வாழ்க்கையில் அவர் மைக் பிடித்துப் பார்த்ததில்லை.

"இந்த அணைக்கு மேலே எங்கள் சோலையார் அணை இருக்கிறது" என்றார் தமிழில், மெதுவாக. "ஒப்பந்தப்படி நாங்கள் வருடத்துக்கு 12.3 டி.எம்.சி. இங்கே விட வேண்டும். செப்டம்பர் ஒன்றாம் தேதியும் பிப்ரவரி ஒன்றாம் தேதியும் இந்த அணை நிறைந்திருக்க வேண்டும். இன்று பார்த்தேன், நிறைந்திருக்கிறது." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இரிஞ்ஞாலக்குடிப் பெரியவர் கை தட்டினார். எல்லோருக்கும் புரிந்ததா என்று தெரியாது. வழிகாட்டி மலையாளத்தில் ஒரு முறை சொன்ன பிறகு மற்றவர்களும் தட்டினார்கள்.

மளுக்கப்பாறையில் தேயிலைத் தோட்டங்களும் குளிர்ந்த காற்றும். எல்லைச் சாவடி வரை நடந்தோம். அதற்கு அப்பால் 27 கிலோமீட்டரில் வால்பாறை, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஆழியாறு, எங்கள் ஊர். நேற்று ஒரு பகல் முழுக்க மேற்கே போய்ச் சுற்றி வந்து, இன்று வீட்டின் பின்வாசலில் நிற்கிறோம். அப்பா சாவடிக் கம்பத்தின் மீது கை வைத்து அந்தப் பக்கத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலைக்குள்தான் சுரங்கங்கள்.

திரும்பும்போது ஆனைக்கயத்துக்கு அருகே யானைகள். ஒரு தாயும் குட்டியும், இன்னும் இரண்டு. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை.

அதிரப்பள்ளியைக் கடக்கும்போது மாலை ஆறு மணி. சாலையோர வளைவில் நின்றால் எதிரே பள்ளத்தாக்கில் அருவி முழுதாகத் தெரியும். மாலை வெளிச்சத்தில் வலது தாரை இல்லை. நடுத்தாரை பாதியாகியிருந்தது. இடது ஓரம் மட்டும் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. காலையில் நான் பார்த்ததைத் தவறாக நினைவு வைத்திருக்கிறேனோ என்று செல்போனில் எடுத்த படத்தை எடுத்துப் பார்த்தேன். தவறில்லை.

"பவர்ஹவுசில் குறைத்திருப்பார்கள்" என்றார் வழிகாட்டி. "ராத்திரி ஏறிவிடும், சேச்சி." உடல்நிலை சரியில்லாத வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மூன்றாம் நாள்: சாலக்குடி – வீடு

காலையில் பஸ்ஸுக்கு முன், ஊருக்குள் ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அப்பா. பாலத்தின் மேல் நின்றோம். அருவியின் வேகம் எதுவும் இங்கே தெரியவில்லை. அகலமாக, பச்சையாக, அசைவே இல்லாததுபோல. கரையில் குடிநீர் எடுக்கும் கிணற்று வீடு ஒன்று. நேற்று வழிகாட்டி சொல்லியிருந்தார்: இந்த ஆறு மொத்தம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். கோடையில் கீழே நீரோட்டம் குறைந்தால் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறும், அதைத் தள்ளி நிறுத்துவதற்கும் மேலிருந்து நல்ல தண்ணீர் வந்தாக வேண்டும். கடலுக்கு வீணாகப் போகிறது என்று பாசன சபையில் சொன்ன வார்த்தையை நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லத்தான் வேண்டும்" என்றார்.

பயணம் திரும்பும் வழியில் புதிதாக ஒன்றும் இல்லை. திருச்சூரில் பஸ் மாறினோம், பாலக்காட்டில் டீ குடித்தோம், அப்பா தூங்கினார். வீடு வரும்போது மாலை ஐந்து. அருவி எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு, "தண்ணீர் கம்மி" என்றார் அப்பா. உடனே வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடும் லஸ்கருக்குப் போன் செய்து இரவு முறையை உறுதி செய்துகொண்டார். பதினொன்று நாற்பதுக்கு எங்களுக்கு.

அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்ததால் நானும் கூடப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் வாய்க்கால் தண்ணீர் செம்மண் கலங்கிய நிறத்தில் ஓடியது. அப்பா மடையைத் திறந்தார். முதல் நீர் காய்ந்த பாத்தியில் நுரைத்து, சருகுகளைத் தூக்கிக்கொண்டு, சோளப் பயிரின் அடியில் இருட்டுக்குள் போயிற்று. அந்தச் சத்தம் சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதைக் கேட்டபடி வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு கை தண்ணீர் அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டார்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அடுத்த தோட்டத்து அண்ணன் மண்வெட்டியோடு வந்து நின்றார். அப்பா மடையை மாற்றிவிட்டுக் கை கழுவினார்.

"எங்கே போயிருந்தீர்கள் மாமா? இரண்டு நாளாக ஆளைக் காணோம்."

"ஆற்றைப் பார்க்கப் போயிருந்தேன்" என்று வரப்பில் உட்கார்ந்தார் அப்பா. அண்ணனும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அருவியைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். தும்பூர்முழி ஷட்டரிலிருந்து தொடங்கினார்.